34 சென்ட் பெட்ரோலும் 1.60 டாலர் கூலியும்: 1968 அமெரிக்காவின் விலைவாசிக் கணக்கு

1968ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஒரு கேலன் பெட்ரோல், அதாவது ஏறக்குறைய 3.8 லிட்டர், 34 சென்ட். கடிதத்துக்கு ஒட்டும் தபால்தலை 6 சென்ட். ஒரு டஜன் முட்டை ஐம்பது சென்ட்டைச் சற்றே தாண்டும். சினிமா டிக்கெட் சராசரியாக 1 டாலர் 31 சென்ட். பழைய கார் ஒன்றின் படத்துக்குக் கீழே இந்த எண்களை அடுக்கி, அந்தக் காலம் திரும்ப வருமா என்று ஏங்கும் பதிவுகள் சமூக ஊடகங்களில் ஓயாமல் சுற்றுகின்றன. எண்கள் சரிதான். ஆனால் அதே ஆண்டில் ஒரு மணி நேர வேலைக்கு என்ன கூலி, அது யாருக்குக் கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்று சொல்லாத விலைப்பட்டியல் பாதிக் கணக்குதான்.

முதலில் எளிய பெருக்கல் ஒன்றைப் போட்டுவிடலாம். அமெரிக்க அரசின் நுகர்வோர் விலைக் குறியீட்டின்படி 1968இன் ஒரு டாலர் இன்றைய ஒன்பது டாலருக்குச் சமம். அப்படிப் பார்த்தால் அந்த 34 சென்ட் பெட்ரோல் இன்றைய பணத்தில் மூன்று டாலர் சொச்சம். அண்மை ஆண்டுகளில் அமெரிக்கர்கள் கொடுத்துவரும் விலையும் கிட்டத்தட்ட அதுதான். நம் பணத்தில் பார்க்க விரும்புபவர்களுக்கு: 1966 ஜூன் மாதம் இந்திய அரசு ரூபாயின் மதிப்பைக் குறைத்த பிறகு ஒரு டாலர் ஏழரை ரூபாயாக இருந்தது.

இனி கூலி. 1968 பிப்ரவரி 1ஆம் தேதி முதல் அமெரிக்க மத்திய அரசின் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 1 டாலர் 60 சென்ட் ஆனது. இன்றைய மதிப்பில் 14 டாலருக்கு மேல். இன்றைக்கு மத்திய அரசு நிர்ணயித்திருக்கும் குறைந்தபட்ச ஊதியமோ 7.25 டாலர். அது 2009க்குப் பிறகு உயரவே இல்லை. பல மாநிலங்கள் தாங்களாகவே அதைவிடக் கூடுதலாக வைத்திருக்கின்றன என்பது உண்மை. ஆனாலும் வாங்கும் சக்தியை வைத்துப் பார்த்தால் அந்த 1.60தான் அமெரிக்க வரலாற்றிலேயே உயர்ந்த மத்திய குறைந்தபட்ச ஊதியம். அதில் 13 நிமிட வேலைக்கு ஒரு கேலன் பெட்ரோல், 20 நிமிடத்துக்கு ஒரு டஜன் முட்டை, 50 நிமிடத்துக்கு ஒரு சினிமா.

சரி, அப்படியானால் அது பொற்காலம்தானே என்று தோன்றும். வாரம் 40 மணி நேரம், ஆண்டு முழுக்க ஒரு நாள்கூட விடாமல் அந்தக் கூலிக்கு வேலை செய்தால் 3,328 டாலர் வரும். நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்கு அந்த ஆண்டின் வறுமைக் கோடு 3,553 டாலர். அந்தக் கோட்டை வகுத்தவர் சமூகப் பாதுகாப்புத் துறையில் பணிபுரிந்த மோலி ஓர்ஷான்ஸ்கி. மிகச் சிக்கனமான உணவுச் செலவை எடுத்து மூன்றால் பெருக்கினார், அவ்வளவுதான். அந்தச் சிக்கனக் கணக்கைக்கூட ஒருவரின் முழுநேர உழைப்பு எட்டவில்லை. 1968இல் அமெரிக்கர்களில் சுமார் 13 விழுக்காட்டினர் அந்தக் கோட்டுக்குக் கீழே இருந்தார்கள். கறுப்பின மக்களில் மூன்றில் ஒருவருக்கு மேல்.

அதைவிட முக்கியமான கேள்வி, அந்தச் சட்டம் யாரைத் தொட்டது என்பது. வீட்டு வேலை செய்பவர்கள் அதில் இல்லை. பண்ணைத் தொழிலாளர்கள் 1967இல்தான் முதன்முறையாக உள்ளே வந்தார்கள், அதுவும் பெரிய பண்ணைகளில் வேலை செய்தவர்கள் மட்டும், மணிக்கு ஒரு டாலர் என்று. நகராட்சி ஊழியர்களில் பெரும்பாலோர் 1974 வரை வெளியே நின்றார்கள். இந்த மூன்று வேலைகளிலும் கறுப்பின மக்களும் மெக்சிகோ வம்சாவளியினரும் பெருமளவில் இருந்தார்கள்.

1.60 டாலர் நடைமுறைக்கு வந்த அதே பிப்ரவரி 1ஆம் தேதி, டென்னசி மாநிலத்தின் மெம்ஃபிஸ் நகரில் நல்ல மழை. குப்பை அள்ளும் எக்கோல் கோல், ராபர்ட் வாக்கர் என்ற இருவர் மழைக்கு ஒதுங்கக் குப்பை லாரியின் பின்புறத்துக்குள் ஏறினார்கள். வெள்ளையர் குடியிருப்புகளில் வேறெங்கும் ஒதுங்கி நிற்க அந்தத் தொழிலாளர்களுக்கு அனுமதி இல்லை. லாரியின் குப்பையை நசுக்கும் எந்திரம் தானாக இயங்கி இருவரையும் கொன்றது. அவர்கள் குடும்பங்களுக்குக் காப்பீடு எதுவும் இல்லை. பழுதான அந்த லாரிகளைப் பற்றித் தொழிலாளர்கள் முன்பே புகார் சொல்லியிருந்தார்கள். பிப்ரவரி 12ஆம் தேதி 1,300 பேர் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். 'நான் ஒரு மனிதன்' என்று எழுதிய அட்டைகளைக் கழுத்தில் தொங்கவிட்டு அவர்கள் வரிசையாக நடந்த படத்தை நம்மில் பலரும் பார்த்திருப்போம். அவர்களுக்கு ஆதரவாகத்தான் மார்ட்டின் லூதர் கிங் மெம்ஃபிஸ் வந்தார். ஏப்ரல் 4ஆம் தேதி அங்கேயே சுட்டுக் கொல்லப்பட்டார்.

கிங் கொலையை இன உரிமைப் போராட்டத்தின் கதையாக மட்டும் படித்துப் பழகிவிட்டோம். அவரை அந்த ஊருக்கு இழுத்து வந்தது ஒரு கூலித் தகராறு. ஏப்ரல் 16ஆம் தேதி நகராட்சி சங்கத்தை அங்கீகரித்து, இரண்டு தவணைகளில் மணிக்கு 15 சென்ட் உயர்வு தர ஒப்புக்கொண்டது. பதினைந்து சென்ட் என்றால் பெட்ரோலில் அரை கேலன்கூட இல்லை.

இதையெல்லாம் மனத்தில் வைத்துக்கொண்டு கடைக்குள் போகலாம். சூப்பர்மார்க்கெட் அப்போது நன்றாகவே வேரூன்றிவிட்டது. பொருள் வாங்கினால் பத்து சென்ட்டுக்கு ஒன்று என்று பச்சை நிறத்தில் ஒட்டுத்தலைகள் கொடுப்பார்கள். அவற்றை நாக்கால் நனைத்துச் சின்னப் புத்தகத்தில் ஒட்ட வேண்டும். 1,200 ஒட்டினால் ஒரு புத்தகம் நிறையும். அதைக் கொண்டுபோய்க் கொடுத்து விளக்கோ டோஸ்டரோ வாங்கலாம். அதாவது 120 டாலருக்குச் சாமான் வாங்கினால்தான் ஒரு புத்தகம். இந்த இலவசத்தின் செலவு பொருளின் விலையில்தான் ஏற்றப்படுகிறது என்பதை இல்லத்தரசிகள் சீக்கிரமே புரிந்துகொண்டார்கள். 1966 அக்டோபரில் டென்வர் நகரப் பெண்கள் சூப்பர்மார்க்கெட்டுகளைப் புறக்கணிக்கத் தொடங்கினார்கள். ஒட்டுத்தலையும் பரிசுக் குலுக்கலும் வேண்டாம், விலையைக் குறை என்பது கோரிக்கை. சில வாரங்களில் அது நாடெங்கும் பரவியது. விலைவாசி மலிவாக இருந்ததாகச் சொல்லப்படும் அதே ஆண்டுகளில்தான் பெண்கள் தெருவில் நின்று விலையை எதிர்த்தார்கள் என்பதை அந்தப் பட்டியல்கள் சொல்வதில்லை.

திராட்சைக்கும் ஒரு கதை உண்டு. கலிஃபோர்னியாவின் டெலானோ பகுதியில் 1965இல் தொடங்கிய திராட்சைத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் ஐந்து ஆண்டு நீடித்தது. அதை நடத்திய தொழிற்சங்கத் தலைவர் சீசர் சாவேஸ் 1968இல் 25 நாள் உண்ணாவிரதம் இருந்தார். அவருடைய சங்கம் நாடு முழுக்க மக்களிடம் கேட்டது ஒன்றுதான்: கலிஃபோர்னியா திராட்சையை வாங்காதீர்கள். 1970இல் தோட்ட முதலாளிகள் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். கடையில் ஒரு பொருள் மலிவாக இருந்தால் அதை யார் என்ன கூலிக்குப் பறித்தார்கள் என்ற கேள்வியை அமெரிக்க வீடுகளுக்குள் கொண்டுபோன போராட்டம் அது.

உணவு, உடை, மின்சாதனம் எல்லாம் அன்று இன்றைவிட அதிக உழைப்பை விழுங்கின. வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டி 400 டாலர் போல. 1.60 கூலியில் 250 மணி நேரம், ஆறு வாரச் சம்பளம். 1967இல் வந்த முதல் சமையலறை மேடை மைக்ரோவேவ் அடுப்பு 495 டாலர். இன்று அவற்றைவிட நல்லதைச் சில மணி நேரக் கூலியில் வாங்கிவிடுகிறார்கள். மாறாக, வீடும் படிப்பும் அன்று எட்டும் தூரத்தில் இருந்தன. புதிய வீட்டின் இடைநிலை விலை, அதாவது பாதி வீடுகள் அதற்கு மேலும் பாதி அதற்குக் கீழும் விற்ற விலை, 24,700 டாலர். சாதாரணத் தொழிலாளியின் சராசரிக் கூலி மணிக்கு ஏறக்குறைய 3 டாலர் என்று கொண்டால் அது நான்கு ஆண்டு உழைப்பு. இன்று அதே கணக்கு ஆறரை ஆண்டைத் தாண்டும். நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் 1976 வரை அந்நகரத்து மாணவர்களிடம் கல்விக் கட்டணம் வாங்கவில்லை. என் பார்வையில் அந்த அமெரிக்காவைப் பார்த்து நியாயமாகப் பொறாமைப்பட வேண்டியது இந்த இரண்டுக்காகத்தான், பெட்ரோலுக்காக இல்லை.

ஆனால் வீடு என்றதும் நிறம் வந்துவிடுகிறது. கறுப்பினக் குடும்பத்தின் இடைநிலை வருமானம் வெள்ளையர் குடும்பத்தினுடையதில் 60 விழுக்காடு அளவில்தான் இருந்தது. அந்த வருமானத்திலும் மிச்சம் பிடித்து வீடு வாங்கப் போனால், நிறத்தைக் காரணம் காட்டி விற்க மறுப்பது பல இடங்களில் சட்டப்படி குற்றமாகவே இல்லை. வீட்டுவசதியில் பாகுபாட்டைத் தடைசெய்யும் மத்தியச் சட்டம் கையெழுத்தானது கிங் கொல்லப்பட்ட ஒரு வாரத்தில், ஏப்ரல் 11ஆம் தேதி. அதற்கு முந்தைய பல ஆண்டுகள் மலிவு விலையில் வீடு வாங்கிய குடும்பங்களும் வாங்க முடியாமல்போன குடும்பங்களும் இன்றுவரை ஒரே இடத்தில் நிற்கவில்லை.

பெண்கள் நிலையும் இதற்குக் குறைந்ததில்லை. முழுநேர வேலை பார்த்த பெண்ணின் ஆண்டு வருமானம் ஆணுடையதில் 58 விழுக்காடு. செய்தித்தாளின் வேலைவாய்ப்புப் பக்கத்தில் ஆண்களுக்கான வேலை, பெண்களுக்கான வேலை என்று தனித்தனிப் பத்திகள் இருந்தன. அப்படிப் பிரிப்பது சட்டத்துக்கு எதிரானது என்று சம வேலைவாய்ப்பு ஆணையம் சொன்னதே 1968இல்தான். கணவன் கையெழுத்தில்லாமல் கடன் அட்டை தர மறுப்பது 1974 வரை சாதாரணம்.

கார் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஃபோக்ஸ்வேகன் பீட்டில் 1,700 டாலருக்குக் கிடைத்தது. புதிய கார்களில் இருக்கைப் பட்டை கட்டாயமானது 1968 ஜனவரியில்தான். அந்த ஓர் ஆண்டில் மட்டும் சாலை விபத்துகளில் 50,000 பேருக்கு மேல் இறந்தார்கள்.

விலைவாசி ஏன் அந்த ஆண்டுகளில் ஏறத் தொடங்கியது? 1965இல் 1.6 விழுக்காடாக இருந்த பணவீக்கம் 1966இல் 2.9, 1968இல் 4.2, 1969இல் 5.5 என்று படிப்படியாக ஏறியது. வேலையின்மை மூன்றரை விழுக்காட்டு அளவுக்கு இறங்கியிருந்தது. தொழிற்சாலைகள் முழு வீச்சில் ஓடிக்கொண்டிருந்தன. அதே நேரத்தில் ஜனாதிபதி லிண்டன் ஜான்சன் முதியோர் மருத்துவக் காப்பீடு, வறுமை ஒழிப்பு போன்ற திட்டங்களையும் வியட்நாம் போரையும் ஒருசேர நடத்தினார், ஆனால் அதற்கேற்ப வரியை உயர்த்தத் தயங்கினார். வரி கேட்டால் போரின் உண்மையான செலவு நாடாளுமன்றத்தில் விவாதமாகும், சமூக நலத் திட்டங்களை வெட்டச் சொல்வார்கள் என்ற அச்சம் அவருக்கு. கடைசியில் 1968 ஜூன் 28ஆம் தேதிதான் வருமான வரிக்கு மேல் பத்து விழுக்காடு கூடுதல் வரி சட்டமானது. அதற்குள் விலையேற்றம் வேகம் பிடித்துவிட்டது. அந்த வரியால் 1969 நிதியாண்டில் பட்ஜெட் உபரி வந்தது. அடுத்த உபரிக்கு அமெரிக்கா 1998 வரை காத்திருந்தது.

மக்கள் கையிலிருந்த காசே மாறிக்கொண்டிருந்தது. 1965ஆம் ஆண்டு நாணயச் சட்டம் பத்து சென்ட், இருபத்தைந்து சென்ட் நாணயங்களிலிருந்து வெள்ளியை நீக்கியது. பழைய வெள்ளிக் காசுகளை மக்கள் பதுக்கினார்கள், புழக்கத்திலிருந்து அவை மறைந்தன. 'வெள்ளிச் சான்று' என்று அச்சிட்ட நோட்டுகளைக் கொடுத்து வெள்ளி வாங்கிக்கொள்ளும் உரிமையும் 1968 ஜூன் 24ஆம் தேதியோடு முடிந்தது.

போருக்குப் போனவனின் கூலியையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். புதிதாகச் சேர்ந்த சிப்பாயின் அடிப்படைச் சம்பளம் மாதம் ஏறக்குறைய 100 டாலர். போர்க்களத்தில் இருந்தால் மேலும் 65 டாலர். உணவும் தங்குமிடமும் அரசு தரும், சரி. ஆனால் பலர் விரும்பிச் சேர்ந்தவர்கள் இல்லை, கட்டாய ஆள்சேர்ப்பில் பிடிக்கப்பட்டவர்கள். கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தால் அழைப்பைத் தள்ளிப்போடலாம். கல்லூரிக் கட்டணம் கட்ட முடிந்த வீட்டுப் பையனுக்குப் போர் தள்ளிப்போனது, முடியாதவனுக்கு வரவில்லை அந்தச் சலுகை. 1969 டிசம்பர் 1ஆம் தேதி பிறந்தநாள்களைக் குலுக்கிப்போட்டு ஆளெடுக்கும் முறை வந்தபோது அதைத் தொலைக்காட்சியில் நேரடியாகக் காட்டினார்கள். 1968இல் மட்டும் வியட்நாமில் இறந்த அமெரிக்கப் படைவீரர்கள் 16,800க்கு மேல்.

தொலைக்காட்சிதான் அன்றைய பொழுதுபோக்கு, செய்தி இரண்டுக்கும் வாசல். நூற்றில் தொண்ணூற்றைந்து வீடுகளில் பெட்டி இருந்தது. 1968 தொடக்கத்தில் மூன்றில் ஒரு வீட்டில்கூட வண்ணம் இல்லை. சிபிஎஸ், என்பிசி, ஏபிசி என்று மூன்றே மூன்று நிறுவனங்கள். மாலைச் செய்தி அரை மணி நேரம். அதை வாசித்தவர்கள் சிபிஎஸ்ஸில் வால்டர் கிராங்கைட், என்பிசியில் ஹண்ட்லியும் பிரிங்க்லியும். மாதச் சந்தா கிடையாது, செலவை விளம்பரம் பார்த்துக்கொண்டது. சிகரெட் விளம்பரங்கள்கூட 1971 ஜனவரி வரை ஓடின. பணக்காரனும் ஏழையும் ஒரே நேரத்தில் ஒரே செய்தியைப் பார்த்த காலம் என்றால் அதுதான்.

1968 ஜனவரி இறுதியில் வியட்நாமில் டெட் தாக்குதல் தொடங்கியது; வட வியட்நாமும் தெற்கின் கம்யூனிஸ்ட் கொரில்லாக்களும் தென் வியட்நாம் நகரங்கள்மீது ஒரே நேரத்தில் பாய்ந்த தாக்குதல் அது. பிப்ரவரி 1ஆம் தேதி தென் வியட்நாம் தலைநகர் சைகோனின் தெருவில் ஒரு காவல்துறைத் தலைவர் கைகட்டப்பட்ட கைதியை நெற்றிப்பொட்டில் சுட்ட கணத்தைப் பத்திரிகைப் புகைப்படக்காரர் எடி ஆடம்ஸ் படமெடுத்தார். என்பிசியின் ஒளிப்பதிவாளரும் அங்கே இருந்தார். அந்தப் படச்சுருள் விமானத்தில் டோக்கியோ போய், அங்கிருந்து செயற்கைக்கோள் வழியாக நியூயார்க் சேர்ந்து, மறுநாள் மாலைச் செய்தியில் ஒளிபரப்பானது. சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்த கோடிக்கணக்கானோர் பார்த்தார்கள். பிப்ரவரி 27ஆம் தேதி கிராங்கைட் சிறப்பு நிகழ்ச்சி ஒன்றின் முடிவில், இந்தப் போரில் வெற்றி தென்படவில்லை, இழுபறிதான் மிஞ்சும் என்று தன் கருத்தைச் சொன்னார். மார்ச் 31ஆம் தேதி ஜான்சன் மீண்டும் போட்டியிடப் போவதில்லை என்று அதே தொலைக்காட்சியில் அறிவித்தார்.

செய்தி முடிந்ததும் வேறு உலகம். 1968-69 பருவத்தில் அதிகம் பேர் பார்த்த நிகழ்ச்சி, துண்டு துண்டான நகைச்சுவைகளை வேகமாகக் கொட்டிய 'லாஃப்-இன்'. தேர்தல் பிரச்சாரத்துக்கு நடுவே ஜனாதிபதி வேட்பாளர் ரிச்சர்ட் நிக்சனே அதில் சில வினாடிகள் தலைகாட்டினார். இரண்டாம் இடத்தில் இருந்தது 'கோமர் பைல்'. அது மரைன் படைச் சிப்பாய் ஒருவனைப் பற்றிய தொடர், ஆனால் வியட்நாம் போர் அதற்குள் நுழையவே இல்லை. அரை மணி நேரத்துக்கு முன் செய்தியில் செத்துக்கொண்டிருந்த சிப்பாய் இங்கே சிரித்துக்கொண்டிருந்தான். மக்கள் இரண்டையும் பார்த்தார்கள். எனக்கு இதில் வியப்பில்லை. மாலை முழுக்கப் போரையே பார்க்க யாராலும் முடியாது. 1968 செப்டம்பரில் வந்த 'ஜூலியா' தொடரில் டயான் கரோல் செவிலியாக நடித்தார். கறுப்பினப் பெண் ஒருவர் வேலைக்காரியாக இல்லாமல் ஒரு தொடரின் நாயகியாக வந்தது பெரிய விஷயம். அந்தக் கதையில் அவள் கணவன் வியட்நாமில் இறந்தவன்.

திரையரங்குக் கூட்டம் தொலைக்காட்சியால் கரைந்துபோயிருந்தது. பழைய தணிக்கை விதிகளைக் கைவிட்டு, வயதுக்கேற்ற தரச்சான்று முறைக்கு ஹாலிவுட் மாறியது 1968 நவம்பரில். விளையாட்டில் 1967 ஜனவரியில் நடந்த முதல் சூப்பர் பவுலுக்கு, அதாவது அமெரிக்கக் கால்பந்தின் இறுதிப் போட்டிக்கு, அதிகபட்ச டிக்கெட் 12 டாலர். விலை அதிகம் என்ற முணுமுணுப்பு எழுந்தது, லாஸ் ஏஞ்சலிஸ் மைதானத்தில் சுமார் 30,000 இருக்கைகள் காலியாகக் கிடந்தன. 1969 ஆகஸ்டில் நடந்த உட்ஸ்டாக் இசைவிழாவுக்கு மூன்று நாளுக்கும் சேர்த்து முன்பதிவு 18 டாலர், குறைந்தபட்சக் கூலியில் 11 மணி நேரம். ஆனால் கூட்டம் வேலியைத் தாண்டி வந்துவிட, பெரும்பாலோர் காசு கொடுக்காமலே பார்த்தார்கள்.

அதற்கு ஒரு மாதம் முன்பு, அப்போலோ 11 புறப்படுவதற்கு முந்தைய நாள், கிங்கின் நண்பரும் அவருக்குப் பின் இயக்கத்தை நடத்தியவருமான ரால்ஃப் அபர்நதி கோவேறு கழுதை பூட்டிய வண்டிகளோடும் ஏழைக் குடும்பங்களோடும் ஏவுதளத்துக்கு அருகே வந்தார். ஒரு விண்வெளி வீரருக்கு உணவளிக்க நாளொன்றுக்கு 12 டாலர், பட்டினியில் வாடும் குழந்தைக்கு 8 டாலரில் உணவளிக்க முடியும் என்பது அவர்கள் பிடித்திருந்த பதாகையின் கணக்கு. நாசா தலைவர் தாமஸ் பெய்ன் வெளியே வந்து அவர்களைச் சந்தித்தார். ராக்கெட்டை நிறுத்தினால் வறுமை தீரும் என்றால் ஏவும் பொத்தானை அழுத்த மாட்டோம் என்று சொன்னார், சில குடும்பங்களுக்கு ஏவுதலை அருகிலிருந்து பார்க்க அனுமதிச் சீட்டும் கொடுத்தார்.

பசி என்ற செய்தி அப்போது புதிதல்ல. 1967 ஏப்ரலில் செனட்டர் ராபர்ட் கென்னடி மிசிசிப்பி மாநிலத்தின் டெல்டா பகுதியில் குடிசைகளுக்குள் போய் வயிறு ஊதிய குழந்தைகளைப் பார்த்தார். 1968 மே 21ஆம் தேதி சிபிஎஸ் 'அமெரிக்காவில் பசி' என்ற ஆவணப்படத்தை ஒளிபரப்பியது. அதில் ஒரு தவறு இருந்தது: பட்டினியால் இறப்பதாகச் சொல்லப்பட்ட குழந்தை குறைமாதத்தில் பிறந்தது என்று பிறகு தெரியவந்தது. வேளாண்மைத் துறை அமைச்சர் ஆர்வில் ஃப்ரீமேன் கொதித்துப்போய், பதில் சொல்லத் தனக்குச் சம நேரம் வேண்டும் என்றார். ஆனாலும் படம் காட்டிய பசி நிஜம். ஏழைகள் கடையில் உணவு வாங்க அரசு நடத்திய அன்றைய உணவு முத்திரைத் திட்டத்தில் அவர்களும் முதலில் கையிலிருந்து பணம் கட்டித்தான் முத்திரைகளை வாங்க வேண்டும், கட்டிய தொகைக்கு மேல் கூடுதல் மதிப்பு கிடைக்கும். கையில் காசே புழங்காத டெல்டா குடும்பங்களால் அந்த முதல் தொகையைக் கட்ட முடியவில்லை. மிக ஏழைகளிடம் எதுவும் வாங்கக் கூடாது என்று சட்டம் மாறியது 1971 ஜனவரியில். 1968இல் 22 லட்சம் பேர் அந்த முத்திரைகளை வைத்துச் சாமான் வாங்கினார்கள். 1971இல் 94 லட்சம் பேர்.